எழுபது வளைவும் நான்கு கியர்பெட்டியும்

வழக்கமாக இந்த வரலாற்றுப் பக்கத்தில் கோயில், ஏரி, பழைய பேட்டை என்று எழுதுவேன். இந்த முறை கியர்பெட்டி. காரணம், நம் பேஸ்மென்டில் நடந்த ஒரு பேச்சு.

மூன்றாவது மாடியில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணா, ஒரு கிராஸ்ஓவர் எடுக்கலாம்னு இருக்கோம். ஆட்டோமேட்டிக்தான் வேணும். ஷோரூமுக்குப் போனா ஏஎம்டிங்கிறாங்க, சிவிடிங்கிறாங்க, டிசிடிங்கிறாங்க. எல்லாமே கிளட்ச் மிதிக்க வேண்டாத வண்டிதானே? எதை எடுத்தா என்ன?" என்றார்.

அவருடைய மனைவிக்குப் பிறந்த ஊர் கொல்லிமலையில், குண்டூர் நாடு. மாதம் ஒருமுறையாவது குடும்பத்தோடு மலை ஏறி இறங்குகிறார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, உயரமான இருக்கை இருந்தால் ஏறி உட்கார வசதி. கணவன், மனைவி இருவருமே ஓட்டுவார்கள். ஆக, வார நாட்களில் ஊர் நெரிசல், மாதம் ஒருமுறை மலை, பின்னிருக்கையில் வயதானவரும் இரண்டு குழந்தைகளும். இதுதான் அந்தக் காரின் வேலை.

"எதை எடுத்தா என்ன" என்பதற்கு அன்று நின்ற நிலையில் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன். கடையில் கிடைக்கும் நான்கு வகை ஆட்டோமேட்டிக்கும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஆள், வெவ்வேறு கஷ்டத்துக்காகக் கண்டுபிடித்தவை. எது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் சாலை

கொல்லிமலைக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போகாதவர்களுக்காக: அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து மேலே சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையின் மேல்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். அங்கே "நாடு" என்றால் தேசமில்லை. மலையாளி மக்களின் ஊர்த்தொகுதி. வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று பல உண்டு. அவற்றில் ஒன்று குண்டூர் நாடு. மிளகும் காப்பியும் பலாவும் விளைகிற பூமி.

இந்தச் சாலை வண்டியிடம் மூன்று விஷயம் கேட்கும். வளைவில் கிட்டத்தட்ட நின்று, பாரத்தோடு மறுபடி கிளம்ப வேண்டும். எதிரே பஸ் வந்தால் சரிவிலேயே நிற்க வேண்டும், பின்னால் உருளக்கூடாது. திரும்பும்போது 1,000 மீட்டர் உயரத்தைப் பத்திரமாக இறங்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கப்பலுக்காகப் பிறந்த டார்க் கன்வர்ட்டர்

நால்வரில் மூத்தவர் இவர். பிறந்தது காருக்காக அல்ல, கப்பலுக்காக. 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) வுல்கான் கப்பல் கட்டும் தளத்தில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். அப்போது கப்பல்களுக்கு நீராவி டர்பைன் புதிது. டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு நல்லது; கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளும். இரண்டையும் பல்சக்கரம் இல்லாமல் எப்படி இணைப்பது? ஃபோட்டிங்கர் நடுவில் திரவத்தை வைத்தார். ஒரு விசிறி திரவத்தை வீசும், எதிரே உள்ள இன்னொரு விசிறி அந்த வேகத்தில் சுழலும். 1905-ல் காப்புரிமை பெற்றார்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், காற்றால் மற்றதும் சுழலும். அதேதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். நடுவில் ஒரு திருப்பி வைத்தால், திரும்பி வரும் எண்ணெயின் வேகமும் வீணாகாமல் முன்விசிறிக்கு உதவும். அதனால் கிளம்பும் நேரத்தில் என்ஜின் கொடுக்கும் திருகுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சக்கரத்துக்குப் போகும். உரசித் தேயும் தகடு எதையும் நம்பாமல், பாரத்தைப் பொறுமையாக நகர்த்தும் குணம் இதன் பிறவியிலேயே இருக்கிறது.

காருக்கு வந்தது அமெரிக்காவில். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1940-ம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்கு "ஹைட்ராமேட்டிக்" என்ற நான்கு கியர் பெட்டியை அறிவித்தது. அதில் எண்ணெய் இணைப்பு இருந்தது. விசையைப் பெருக்கும் வேலை இல்லை. இரண்டாம் உலகப் போரில் இதே பெட்டியை எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளில் பொருத்தினார்கள். விசையைப் பெருக்கும் உண்மையான டார்க் கன்வர்ட்டரோடு 1948-ல் ப்யூக் கார்களில் "டைனாஃப்ளோ" வந்தது. அது சொகுசாக ஓடியது, பெட்ரோலையும் சொகுசாகக் குடித்தது. எண்ணெய் வழியே போகும் விசையில் ஒரு பங்கு வெப்பமாக வீணாவதுதான் காரணம். ஓரளவு வேகம் வந்ததும் இரண்டு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும் ஏற்பாடு பின்னால் வந்தது. இன்று ஆறு கியரோடு வரும் பெட்டிகளில் அந்தப் பூட்டு இருப்பதால், பழைய வசவு இப்போது முழுக்கப் பொருந்தாது.

சமவெளிக்காரரின் சிவிடி

இரண்டாவது கதை நெதர்லாந்தில். அங்கே மலையே கிடையாது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. அந்த நாட்டின் ஐந்தோவன் நகரில் டாஃப் என்ற லாரி நிறுவனம் நடத்திய ஹுப் வான் டூர்னே, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய சின்னக் காரில் கியரே மாற்ற வேண்டாத வசதி தர நினைத்தார். 1958-ல் டாஃப் 600 என்ற கார் அறிமுகமானது. அதில் பல்சக்கரக் கியர்களுக்குப் பதில் ரப்பர் பெல்ட்டும், அகலம் கூடிக் குறையும் கப்பிகளும். கப்பி விரிந்தால் பெல்ட் உள்ளே இறங்கும், நெருங்கினால் வெளியே ஏறும். அவ்வளவுதான், கியர் எண்ணிக்கையே இல்லாத கியர். இந்த அமைப்பில் அந்தக் கார் முன்னே போகும் வேகத்திலேயே பின்னேயும் போகும்! பின்னோக்கி ஓட்டும் பந்தயமே அங்கே நடத்தினார்கள்.

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1980-களில் கினெடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்தபோது நம் ஊரில் பலர் முதல் முறையாக ஓட்டிய சிவிடி அதுதான். பிறகு ஓசூர் டிவிஎஸ்ஸின் ஸ்கூட்டி, அதன் பின் ஆக்டிவா. நம் பார்க்கிங்கில் நிற்கும் ஸ்கூட்டர்களின் இடப்பக்கப் பெட்டிக்குள் இன்றும் இருப்பது அதே பெல்ட்டும் கப்பியும்தான்.

காரின் பாரத்துக்கு ரப்பர் பெல்ட் போதாது. பல நூறு மெல்லிய எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட்டை வான் டூர்னேயின் நிறுவனம் உருவாக்கியது. அது 1987-ல் சுபாரு ஜஸ்டியில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2000-களின் முதல் பாதியில் ஹோண்டா சிட்டி இதைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

இதன் குணம்: ஊருக்குள் வழுக்கிக்கொண்டு போகும். மாற்றும் உலுக்கலே இல்லை, பெட்ரோலும் சிக்கனம். ஆனால் முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் அழுத்தினால், என்ஜின் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருக்கும், வண்டி நிதானமாகவே வரும். சமவெளிக்காரர் வீட்டுப் பிள்ளை. மலை ஏறாது என்றில்லை, முணுமுணுத்துக்கொண்டு ஏறும்.

பந்தயத்தில் வளர்ந்த டிசிடி

மூன்றாவது ஆள் இரட்டைக் கிளட்ச். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் வாகனக் கொட்டிலில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் அடோல்ஃப் கெக்ரெஸ், ஊர் திரும்பிய பின் 1930-களின் இறுதியில் இந்த யோசனையைச் சொன்னார். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. இரண்டாவது கியரில் ஓடும்போதே மூன்றாவது தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்கும். போர் வந்தது, 1943-ல் அவரும் இறந்தார், யோசனை தூங்கியது. 1980-களில் போர்ஷே, ஆடி நிறுவனங்கள் பந்தயக் கார்களில் அதை எழுப்பின. விற்பனைக் காரில் முதலில் வந்தது 2003-ல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல்.

வேகமாக மாற்றுவதில் இதற்கு இணை இல்லை. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது அருமை தெரியும். ஆனால் இது மிதிக்காத கிளட்ச்சே தவிர, கிளட்ச் இல்லாத வண்டி அல்ல. நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகரும்போதும், வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊரும்போதும், உள்ளே தகடுகள் பாதி பிடித்து உரசிக்கொண்டிருக்கும். எண்ணெயில் நனையாத உலர் வகை என்றால் சூடு விரைவில் ஏறும். 2013-ல் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, ஏழு கியர் டிசிடி பெட்டியின் எண்ணெயை மாற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் அந்த எண்ணெயால் மின்சாரக் கோளாறு வரக்கூடும் என்பதே காரணம். நாம் இருப்பதும் அப்படிப்பட்ட நாட்டில்தான்.

ஏழைக்கு வந்த ஏஎம்டி

நான்காவது கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1989 மார்ச் 26, பிரேசில் கிராண்ட் பிரீ. ஃபெராரி அணி புதுக் காரோடு வந்திருந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த சிறு இதழை விரலால் தட்டினால் கியர் மாறும். கிளட்ச்சை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். பயிற்சியின்போது தொல்லை கொடுத்த அந்தக் கார் பாதிப் பந்தயம்கூடத் தாங்காது என்றே பலர் நினைத்தார்கள். நைஜல் மான்செல் அதில் ஜெயித்துவிட்டார். 1997-ல் ஃபெராரி அதை விற்பனைக் காரான எஃப்355-ல் கொடுத்தது.

இந்தத் துறையில் ஃபெராரியோடு வேலை செய்த இத்தாலியின் மேக்னெட்டி மரெல்லி, அதே தத்துவத்தை மலிவாக்கியது. சாதாரண மேனுவல் கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, நம் காலும் கையும் செய்யும் வேலைக்கு ஒரு சின்ன இயந்திரத்தைப் பொருத்தியது. 2014 பிப்ரவரியில் ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி செலெரியோவோடு அது இந்தியாவுக்கு வந்தது. அதுவரை ஆட்டோமேட்டிக் என்றால் லட்சக்கணக்கில் கூடுதல் விலை. இதற்கோ ஏறக்குறைய 40,000 ரூபாய்தான் அதிகம். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். அதே ஆண்டு டாடா ஜெஸ்ட், அடுத்த ஆண்டு நானோ, 2018-ல் நெக்ஸான், பிரெஸ்ஸா என்று பரவியது.

குறை? ஒவ்வொரு மாற்றத்திலும் தலை ஒருமுறை ஆடும். டிசிடிக்குச் சொன்ன கிளட்ச் சூடு இதற்கும் உண்டு. ஏற்றத்தில் பிடித்து வைக்கும் வசதி இல்லாத வண்டி என்றால், பிரேக்கை விட்டதும் பின்னால் நழுவும். நிறை: உள்ளே இருப்பது மேனுவல் பெட்டி என்பதால் மைலேஜ் கெடாது, "எம்" நிலையில் வைத்தால் இரண்டாவது கியர் என்றால் இரண்டாவது கியர்தான்.

நம் கடைத்தெருவுக்கு வந்த விதம்

கிராஸ்ஓவர் என்பது காரின் அடித்தளத்தில் ஜீப்பின் உயரத்தை ஏற்றிய வண்டி. 1994-ல் டொயோட்டா ராவ்4 அந்த வழியைக் காட்டியது. நம் ஊரில் இந்த மோகத்தைக் கிளப்பியது 2013-ல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், பிறகு 2015-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் கிரெட்டா.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஈக்கோஸ்போர்ட் வந்தபோது அதன் ஆட்டோமேட்டிக் இரட்டைக் கிளட்ச். 2017-ல் புதுப்பித்தபோது அதை எடுத்துவிட்டு டார்க் கன்வர்ட்டர் வைத்தார்கள். பிரெஸ்ஸா டீசலில் ஏஎம்டி இருந்தது; 2020-ல் பெட்ரோலுக்கு மாறியபோது டார்க் கன்வர்ட்டர் வந்தது. புதியது வந்தால் பழையது ஒழியும் என்பது கியர்பெட்டி வரலாற்றில் நடக்கவில்லை. நூறு வயதுக் கிழவர் திரும்பத் திரும்ப வேலைக்கு வருகிறார்.

2019-ல் வந்த கியா செல்டோஸ் இன்னும் வேடிக்கை. ஒரே கார், சாதாரண பெட்ரோலுக்குச் சிவிடி, டர்போ பெட்ரோலுக்கு டிசிடி, டீசலுக்கு டார்க் கன்வர்ட்டர். அடுத்த ஆண்டு புது கிரெட்டாவும் அப்படியே. ஆகவே காரின் பெயரைச் சொல்லி "அது ஆட்டோமேட்டிக்கா?" என்று கேட்பது போதாது. "எந்த என்ஜினோடு எந்தப் பெட்டி?" என்று கேளுங்கள்.

இறக்கம்தான் பரீட்சை

ஷோரூமில் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றிப் பேசுவார்கள். என் பெரியப்பா நாமக்கல் லாரிக்காரர். அவர் சொன்னது ஒன்றுதான்: "ஏறுன கியர்லயே இறங்குடா." அதன் அர்த்தம் எனக்கு வெகுகாலம் கழித்தே புரிந்தது. ஒருமுறை இரவல் ஆட்டோமேட்டிக் காரில் கொல்லிமலையிலிருந்து இறங்கினேன். "டி"யில் போட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி வந்தேன். பாதி வளைவுகள் தாண்டியதும் தீய்ந்த வாடை. பெடல் பஞ்சு போல இறங்கியது. பின்னால் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எப்படியோ ஓரமாக நிறுத்தி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வண்டிமேல் தப்பில்லை, ஓட்டியவன் மேல்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 40 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் கொஞ்சத்தைக் காற்று வாங்கும். மீதியை என்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் நான்கு பிரேக்குகள் வாங்க வேண்டும். பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் வேலை செய்யாது.

என்ஜினை வாங்கவைக்கும் வழி நான்கு பெட்டியிலும் இருக்கிறது, கேட்டால்தான் கொடுக்கும். டார்க் கன்வர்ட்டர், டிசிடி, ஏஎம்டி மூன்றிலும் "எம்" நிலைக்குத் தள்ளி இரண்டாவது கியரில் நிறுத்தலாம். சிவிடியில் "எல்" அல்லது "எஸ்" நிலை இருக்கும். "டி"யிலேயே விட்டால் என்ஜின் பிடிப்பு குறைவு. எதுவானாலும் நியூட்ரலில் இறங்குவது கூடவே கூடாது. மின்சாரக் கார் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை: இறக்கத்தில் மோட்டாரே பிரேக் பிடித்து பேட்டரியை நிரப்பும், உண்மைதான். ஆனால் மேலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால், நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. அந்தப் பிடிப்பு வெகுவாகக் குறையும்.

ஆக, தம்பிக்குச் சொன்னது

பாரத்தோடு மலை, நெரிசல் இரண்டும் உண்டு, பணமும் அனுமதிக்கிறது என்றால் டார்க் கன்வர்ட்டர். பணம் இடிக்கிறது என்றால் ஏற்றத்தில் பிடித்து வைக்கும் வசதியுள்ள ஏஎம்டி, தலையாட்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு எப்போதாவதுதான் போவோம், தினமும் ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் சிவிடி. வாரம்தோறும் சென்னை நெடுஞ்சாலை என்றால் டிசிடி. கிளட்ச் எண்ணெயில் நனையும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

சோதனை ஓட்டத்தை ஷோரூம் வாசலில் முடிக்காதீர்கள். நம் பேஸ்மென்ட் சரிவுக்குக் கொண்டு வாருங்கள்; கொல்லிமலை வளைவு ஒன்று நம் வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாதிச் சரிவில் நிறுத்துங்கள். பிரேக்கை விட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எப்படிக் கிளம்புகிறது, இரண்டாவது கியரில் இறங்கும்போது என்ஜின் பிடிக்கிறதா என்று பாருங்கள். பின்னால் யாரும் வராமல் காவலாளி அண்ணனை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். சரிவில் வண்டியை ஆக்சிலரேட்டரால் மட்டும் பிடித்து வைக்காதீர்கள். டிசிடி, ஏஎம்டி இரண்டின் கிளட்ச்சும் அதில்தான் கருகும்.

தம்பி இரண்டு வண்டிகளைச் சரிவுக்குக் கொண்டுவந்தார். அம்மாவையும் பின்னிருக்கையில் உட்கார வைத்தார். கடைசியில் டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டியை எடுத்தார். விலை மீறியதால் பிள்ளைகள் ஆசைப்பட்ட சன்ரூஃபை விட்டுக்கொடுத்தார். வீட்டில் இரண்டு நாள் கோபம் இருந்ததாகக் கேள்வி.

ஆடி 18 வருகிறது. செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவுக்கு நம் குடியிருப்பிலிருந்து பலர் கிளம்புவீர்கள். மலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி, அதை மறக்காதீர்கள். திரும்பும்போது எழுபதாவது வளைவுப் பலகையைப் பார்த்ததும், உங்களுடையது எந்தப் பெட்டியானாலும் சரி, கியர் கம்பியை ஒரு தட்டுத் தட்டிக் கீழ் கியருக்குக் கொண்டுவாருங்கள். பெரியப்பா சொன்னது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்.